ஐராவதத்துக்கு நான் பம்பு மாற்றிய வரலாறு

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்று காலை பதினொன்று இருபதுக்கு, சத்தி ரோட்டின் நட்டநடுவில், ஐராவதம் நின்றுவிட்டது. பின்னால் வந்த இருநூறு வண்டிகள் அடித்த ஹாரனில் கணபதி வட்டாரம் முழுக்கத் தொட்டிலில் தூங்கிய குழந்தைகள் எழுந்துவிட்டதாகக் கேள்வி. நான் பதறவில்லை. கதவைத் திறந்து, மெல்ல இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, போக்குவரத்தைப் பார்த்து ஒரு கையை உயர்த்தினேன். ரோடே அடங்கிவிட்டது. எனக்குப் பின்னால் போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டிருந்ததும் ஒரு சிறு காரணமாக இருக்கலாம்.

ஐராவதம் என்பது எங்கள் கார். வெள்ளை நிறம், பதினாறு வயது, தும்பிக்கை மட்டும்தான் இல்லை. வண்டி என் தங்கை ரங்கநாயகியுடையது. அவளுக்கு ஓட்டத் தெரியாது, நான் ஓட்டுகிறேன். என் மாப்பிள்ளை, அதாவது அவள் கணவர், தவறிய பிறகு இந்த ஆறு வருடமாக அவள் பிழைப்பு இந்த வண்டியின் டிக்கியில்தான். சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வாசலுக்கு எதிரே, வாகை மரத்தடியில் வண்டியை நிறுத்தி, டிக்கியைத் திறந்துவைத்து மதியச் சாப்பாடு விற்கிறாள். அவள் கை அரிசிம்பருப்புச் சாதத்துக்காக அமெரிக்காவிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. ஒருவராவது இருப்பார்.

வண்டியை நான் எப்படிப் பராமரிக்கிறேன் என்பதையும் இங்கே பதிய வேண்டும். டேங்க்கை நான் நிரப்புவதே இல்லை. நிறைந்த டேங்க் என்பது வயிறு முட்டச் சாப்பிட்ட பயில்வான், ஓடமாட்டான். தினம் இரண்டு லிட்டர், அதற்கு மேல் கிடையாது. ஐராவதத்தை ஒல்லியாக வைத்திருப்பதால்தான் பதினாறு வயதிலும் அது குட்டி மாதிரி ஓடுகிறது. அதாவது, இன்றுவரை ஓடியது.

வண்டியைக் கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்துவரச் செய்தேன். ரங்கநாயகி பாத்திரங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். ஆட்டோக்காரர் நிற்க மாட்டேன் என்றாராம். பிளாட்பாரத்தில் பாத்திரத்தை வைத்தால் போலீஸ் விடவில்லை. டிக்கி இல்லாமல் கடை இல்லை. பாதிச் சோறு திரும்பி வந்தது.

இதில் உண்மையான ஆபத்து வேறு. அந்த ரோட்டு டிக்கிக் கடைக்காரர்களுக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. யாரும் எழுதவில்லை, எல்லோரும் மதிக்கிறார்கள். ஐந்து வேலைநாள் ஓரிடம் காலியாகக் கிடந்தால், ஆறாவது நாள் மதியம் பன்னிரண்டுக்கு அங்கே எவன் வண்டி நிற்கிறதோ, இடம் அவனுக்கு. அதாவது அடுத்த திங்கள். சாக்கடை ஓரம் வெயிலில் நின்று தக்காளிச் சாதம் விற்கும் வெள்ளிங்கிரி, மூன்று வருடமாக அந்த மர நிழலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பார்க்கட்டும். நான் இருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டேன். "அடுத்த வியாழக்கிழமைதானுங்ணா கை வெக்க முடியும், பதினாலு வண்டி நிக்குது," என்றார்கள். நல்லது. இந்த வேலை என் கைக்கு வர வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

நான் யார் என்பதைப் பிற்காலத்துக்காகக் குறித்துவைக்கிறேன். பம்பு மருதாசலம். ஆழ்துளைக் கிணறுகளில் நாற்பது வருடம் சப்மெர்சிபிள் மோட்டார் இறக்கியவன். நான் இறக்கிய மோட்டார்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு போர் போட்டு, தண்ணீரும் குடித்துவிட்டுத் திரும்பலாம். கல்யாணம் என்ற கிணற்றில் மட்டும் நான் இறங்கவில்லை. அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. தங்கை வீட்டு மாடியில் குடியிருக்கிறேன்.

"ஏனுங்ணா, இது காரு. நீங்க கெணத்து மோட்டார்காரரு," என்றாள் ரங்கநாயகி.

"அம்மிணி, பெட்ரோல் டேங்க்குன்னா என்ன? ஒரு குட்டிக் கெணறு. அதுக்குள்ள முழுகிக் கெடக்கற பம்பு என்ன? சப்மெர்சிபிள். தண்ணிக்குப் பதிலா பெட்ரோலு. அவ்வளவுதான் வித்தியாசம்."

"தண்ணி தீப்புடிக்காதுங்ணா."

சில வாதங்களைப் பெருந்தன்மையோடு விட்டுவிட வேண்டும்.

பரிசோதனை தொடங்கியது. சாவியை ஒரு சுற்றுத் திருப்பினால், பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி 'ங்ங்ங்' என்று பம்பு முனக வேண்டும். அவளைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு நான் பின்சீட்டில் காதை வைத்துப் படுத்தேன். சத்தம் இல்லை. என் உடம்பின் பிற்பாதி மட்டும் தெருவில் நீட்டிக்கொண்டிருந்ததால், எதிர்வீட்டு அம்மாள் வந்து, "அண்ணனுக்கு ஒடம்புக்கு ஏதும் ஆகலீங்களே?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. சீட்டைக் கழற்றி, பம்புக்குப் போகும் ஒயரில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். கரண்ட் வருகிறது. கரண்ட் வந்தும் பம்பு சுற்றவில்லை என்றால் குற்றவாளி பம்புதான். கடைசியாக வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, ரப்பர் சுத்தியலால் டேங்க்கின் அடிவயிற்றில் ஒரு தட்டுத் தட்டினேன். "இப்பத் திருப்பு!" என்றேன். உள்ளே அரை விநாடி ஒரு முனகல் கேட்டது. பிறகு நிரந்தர அமைதி.

"போயிருச்சுங்களா?" என்றாள் மேலிருந்து.

"போயிருச்சு," என்றேன் கீழிருந்து.

அதே நாள், சாயங்காலம்

இடுப்பு. அவ்வளவுதான் எழுத முடியும்.

ஆகஸ்ட் 7, புதன்

பம்பை வெளியே எடுத்தேன். இந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு மகாயுத்தம் இருக்கிறது.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினேன். நான்கு கதவையும் திறந்துவிட்டேன். தெருமுனையில் பீடி பற்றவைத்த ஒருவரை இங்கிருந்தே முறைத்துப் பார்த்து அணைக்கவைத்தேன். பின்சீட்டுக்கு அடியில் ஒரு தகர மூடி, அதற்குக் கீழே டேங்க்கின் வாய். வாயை ஒரு பெரிய பிளாஸ்டிக் வளையம் மரை போட்டுப் பிடித்திருக்கிறது. பதினாறு வருடமாக யாரும் தொடாத வளையம். இரும்பால் தட்டக் கூடாது, பொறி பறக்கும். மரம் வேண்டும். சமையலறைக்குப் போய் சப்பாத்திக் கட்டையை எடுத்து வந்தேன்.

"அத வெச்சு நாளைக்கு நான் எப்படிச் சப்பாத்தி தேய்ப்பேன்?"

"பெட்ரோல் வாசத்தோட சாப்புட்டா வேகமா நடக்கலாம் அம்மிணி."

இடமிருந்து வலமாக அல்ல, வலமிருந்து இடமாக, சுற்றிச் சுற்றி நானூறு தட்டு. வளையம் அசைந்தது. குழாய்களின் கிளிப்பை விரலால் அழுத்திப் பிரித்து, மிச்சமிருந்த பெட்ரோலைத் துணியில் வாங்கி, பம்பைத் தூக்கி வெளியே வைத்தேன். என் உள்ளங்கைக்குள் அடங்குகிற பம்பு. இதுவா இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டியது! ராஜாங்கங்கள் இப்படித்தான் சின்ன மனிதர்களால் நடத்தப்படுகின்றன.

பிறகு அதைக் கையில் திருப்பிப் பார்த்தேன். மோந்து பார்த்தேன்.

பிறகு டீ குடித்தேன்.

டேங்க்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் ஒரு தட்டு ரசம் அளவுக்குப் பெட்ரோல் இருந்தது.

நாற்பது வருடம் விவசாயிகளுக்கு நான் சொன்ன உபதேசம் ஒன்றே ஒன்றுதான். சுற்றியிருக்கும் தண்ணீர்தான் மோட்டாரைக் குளிர்விக்கிறது, தண்ணீர் இறங்கிய பிறகு ஓட்டாதே, காயில் கருகிவிடும். கேட்காதவன் வீட்டுத் திண்ணையில் கருகிய மோட்டாரை வைத்து, ஊரையே கூட்டி, அவன் மானத்தை வாங்கியிருக்கிறேன். இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ஞாபகம் வந்தது, எழுதினேன்.

"எதனாலண்ணா எரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கான் அம்மிணி. பங்க்குல."

கேட்ட மாத்திரத்தில் முந்தானையைச் செருகிக்கொண்டாள். "தினமும் அங்கதான போடறோம்? அங்க பெட்ரோல் புடிக்கற அந்தத் தாமரைப் புள்ள நல்லாச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுமே! இருக்கட்டும், வர்றேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான், "வேண்டாம் அம்மிணி, பெரிய எடம், நம்மால சண்டை போட முடியாது," என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொன்னபோது அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "பேசிட்டு வந்தேன்," என்றாள். அடுப்படிக்குப் போய்விட்டாள். ஜெயித்திருப்பாள். ஜெயித்தவர்கள் அதிகம் பேசுவதில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்கு மட்டும் நெய் ஊற்றவில்லை. தீர்ந்திருக்கும்.

ஆகஸ்ட் 8, வியாழன்

உக்கடத்துக்கு பஸ்ஸில் போனேன். மடியில் பழைய பம்பு, மஞ்சள் பையில். பக்கத்து சீட்காரர் பெட்ரோல் வாசத்தில் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டார். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை நாசர் பாய் பம்பை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு திருப்புத் திருப்பினார்.

"டேங்க்குல எப்பவும் கொஞ்சமா வெச்சே ஓட்டுவீங்களாண்ணே?"

"வண்டி என்னுதில்ல பாய். ஒரு சிநேகிதனோடது."

"சிநேகிதர்கிட்டச் சொல்லுங்க. கால் டேங்க்காவது எப்பவும் இருக்கணும். பெட்ரோல்ல முழுகிக் கெடந்தாத்தான் இது சூடாகாது. காஞ்சு ஓடுனா இப்படித்தான் கருகும்."

"சொல்றேன். அவன் கேக்கமாட்டான். கொஞ்சம் வாய் ஜாஸ்தி அவனுக்கு."

புதுப் பம்பு, தூசி வடிகட்டும் புது வலை, டேங்க்கின் வாய்க்குப் புது ரப்பர் வளையம் எல்லாம் எடுத்து வைத்தார். பழைய ரப்பர் ஊதியிருக்கும், திரும்பப் போடக் கூடாதாம். அது எனக்கே தெரியும். கடைசியில் ஒரு விஷயம் சொன்னார்: "இதோ, இந்தக் கம்பி நுனியில மிதவை இருக்குதுல்ல, இதுதான் டேஷ்போர்டுல முள்ளைக் காட்டறது. உள்ள எறக்கும்போது சாய்ச்சு, மிதவைய மொதல்ல விட்டு, அப்புறம் நிமித்துங்க. நேரா எறக்காதீங்க, கம்பி வளைஞ்சிரும்."

"பாய், மருதாசலத்துக்கே மோட்டார் எறக்கச் சொல்லித் தர்றீங்களா?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். கடையே சிரித்தது.

வீட்டுக்கு வந்தால் ரங்கநாயகி போனில் பேசிக்கொண்டிருந்தாள். வாடிக்கையாகச் சாப்பிட வரும் மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவர், எப்போதும் கூட ஒரு கரண்டி கேட்பவர், கூப்பிட்டிருக்கிறார். வெள்ளிங்கிரி நேற்று நான்கு வண்டி தள்ளி நின்றானாம். இன்று இரண்டு வண்டி தள்ளி. நாளை மரத்தின் வேரைத் தொடுவான்.

"எடம் போச்சுன்னா என்ன பண்றதுங்ணா?" என்று கேட்டாள். சுவரைப் பார்த்துக் கேட்டாள். "அந்த வெயில்ல நின்னா தயிர்ச்சோறு ஒரு மணிக்கே புளிச்சுரும். அந்த நெழல்லதான் எல்லாரும் நின்னு திங்கறாங்க."

"திங்கட்கெழமை பதினொன்றரைக்கு ஐராவதம் அங்க நிக்கும். நிக்கலேன்னா என் பேர மாத்திக்கறேன்."

"பேரு கெடக்கட்டும்ணா," என்றாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வெற்றி! வெற்றி! வெற்றி! திசைகள் எட்டும் கேட்கட்டும்!

புதுப் பம்பைக் கூட்டில் பொருத்தி, வலையை மாட்டி, கிணற்றில் இறக்குவது போலவே கயிறு கட்டி, நேராக, தூக்குக்குண்டு பிடித்த மாதிரி இறக்கினேன். மனிதனுக்குப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. பாதியில் ஏதோ தட்டியது. ஓர் அமுக்கு. 'கிர்க்' என்றது. டேங்க் என் பலத்துக்கு மரியாதை கொடுத்து வழிவிட்டது. புது ரப்பரை வைத்து, வளையத்தை இறுக்கி, குழாயும் ஒயரும் மாட்டினேன். அவசரத்துக்கென்று வீட்டில் கேனில் வைத்திருந்த இரண்டு லிட்டர் பழைய பெட்ரோலை வடிகட்டி ஊற்றினேன்.

இனி சாவி திருப்ப வேண்டியதுதான். ஆனால் எங்கள் தொழிலில் புது மோட்டாருக்குப் பூஜை போடாமல் சுவிட்ச் போடுவதில்லை. எந்தக் காட்டிலும், எந்த வெயிலிலும், ஒரு தேங்காய், ஓர் எலுமிச்சம்பழம், தட்டில் சூடம். நாற்பது வருடத்தில் ஒரு மோட்டாருக்கும் நான் இதைத் தவறவிட்டதில்லை. தட்டில் சூடத்தை வைத்து, தீக்குச்சியை உரசி, கற்பூர ஜோதியோடு பின்சீட்டுப் பக்கம் பக்தியாகக் குனிந்தேன்.

என் தலைமேல் ஒரு அண்டா அரிசி கழுவிய தண்ணீர் விழுந்தது.

"அறிவிருக்குதுங்களாண்ணா உங்களுக்கு! கீழ கெடக்கற துணியப் பாருங்க, பூராவும் பெட்ரோலு! வண்டியோட சேந்து நீங்களும் சொர்க்கத்துக்குப் போலாம்னு பாத்தீங்களா?"

தாடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அபிஷேகம் முடிந்தது என்று அறிவித்தேன். அவள் சிரிக்கவில்லை. அண்டாவைக் கீழே வைத்து, தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். துணிகளைத் தூர எடுத்துப் போட்டோம். அரை மணி நேரம் காற்றாட விட்டோம். பேட்டரியை மாட்டினேன். சாவியைத் திருப்பினேன்.

ங்ங்ங்.

ஒரு கைக்குழந்தை தூக்கத்தில் சிணுங்குவது போல. மூன்று தடவை திருப்பித் திருப்பி நிறுத்தினேன், குழாயில் அழுத்தம் ஏற. ஒழுகுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன், காய்ந்த விரல். நான்காவது தடவை முழுதாகத் திருப்பினேன். ஐராவதம் பிளிறியது! எதிர்வீட்டு அம்மாள் கை தட்டினார். வானத்திலிருந்து பூமாரி பொழிந்ததைப் பார்த்ததாக இரண்டு பேர் சாட்சி சொல்வார்கள்.

ஒரு விசித்திரம். பெட்ரோல் முள் அரை டேங்க் காட்டுகிறது. நான் ஊற்றியது கொஞ்சம்தான். யோசித்துப் பார்த்ததில் காரணம் விளங்கிவிட்டது: பழைய பம்புதான் இத்தனை நாளாக முள்ளைக் கீழே இழுத்து வைத்திருந்தது. உண்மை இப்போதுதான் வெளியே வருகிறது.

"பெட்ரோல் போட்டுட்டு வந்துருங்ணா. டேங்க் ரொம்ப," என்றாள் ரங்கநாயகி.

"முள்ளே அரை டேங்க் காட்டுது அம்மிணி."

"காட்டட்டும். ரொம்பப் போடுங்க." என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

ஆகஸ்ட் 10, சனி

வெள்ளோட்டம். கணபதி, காந்திபுரம், பழைய சிநேகிதர்கள் வீடு ஏழு, டீக்கடை மூன்று. ஒவ்வோரிடத்திலும் பின்சீட்டைத் தூக்கிக் காட்டி விளக்கவுரை ஆற்றினேன். முள் அசையவே இல்லை. இவ்வளவு ஓடியும் அரை டேங்க்! புதுப் பம்பு பெட்ரோலைக் குடிப்பதில்லை, மோந்து பார்த்தே ஓட்டுகிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பூனாவிலிருந்து ரங்கநாயகியின் மகள் சிந்துஜா போன் செய்தாள். "மாமா, பம்பு மாத்திட்டீங்களாமே! யூடியூப் பாத்தா?"

"யூடியூப்பே என்னைப் பாத்துத்தான் கத்துக்கும்."

"அம்மாகிட்டக் குடுங்க மாமா." அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். நான் வந்ததும் பேச்சு மாறியது. பெண்களுக்குள் ஆயிரம் இருக்கும்.

பங்க்குக்குப் போகக் கிளம்பினேன். பாதி வழியில் திரும்பிவிட்டேன். வெயில் கடுமை. அந்தத் தாமரை என்ற பெண் வெளியேதான் நின்றிருந்தாள், தூரத்திலேயே தெரிந்தது. வேறு பங்க்குக்குப் போகலாம்தான். ஆனால் முள் அரை டேங்க் காட்டும்போது எதற்கு?

ரங்கநாயகி நாளைக்காக ஒரு மலை வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

பதினொன்றே காலுக்குக் கிளம்பினோம். வழியில் லாரி ஒன்று குறுக்கே நின்று நேரமாகிவிட்டது. சரவணம்பட்டி வந்து கம்பெனி ரோட்டில் திரும்பியபோது பதினொன்று நாற்பத்தெட்டு. வாகை மரம் கண்ணுக்குத் தெரிந்தது. அடியில் நிழல், காலியாக. அதற்கு அடுத்தாற்போல் வெள்ளிங்கிரியின் வேன்.

அப்போது பின்சீட்டுக்கு அடியில் ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை எனக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர் இறங்கிய கிணற்றில் மோட்டார் போடும் சத்தம். இருநூறு அடிக்கு மேலே நின்றாலும் என் காதுக்குக் கேட்கும்.

என்ஜின் விக்கியது. இன்னும் இரண்டு மூன்று தடவை சாவியைத் திருப்பினால் வண்டி மரம்வரை போயிருக்கலாம். பம்பு கருகியிருக்கும். ஓரம் கட்டி, சாவியை அணைத்து, வெளியே எடுத்து, ரங்கநாயகி கையில் கொடுத்தேன்.

"குழாயில காத்து அடைச்சிருச்சுங்களா?" என்று கேட்டாள். அவளாகவே எனக்கு ஒரு பொய்யை எடுத்து நீட்டினாள். நல்ல பொய்தான்.

"இல்ல அம்மிணி. டேங்க் காலி."

"முள்ளு பாதி காட்டுதுங்களே."

"மிதவைக் கம்பி வளைஞ்சிருச்சு. சாய்ச்சு எறக்கச் சொல்லி பாய் சொன்னாரு. நான் நேரா எறக்கிட்டேன்." நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்த்தேன், வாய் நிற்கவில்லை. "பழைய பம்பு கருகுனதும் என்னாலதான். பெட்ரோல்ல தண்ணியெல்லாம் இல்ல. வருசக்கணக்கா காஞ்ச டேங்க்ல ஓட்டியிருக்கேன். பாத்த ஒடனே தெரிஞ்சுது. சொல்ல வாய் வரல."

"தெரியுமுங்ணா."

"எப்பத் தெரியும்?"

"புதன்கெழமையே. தாமரை சொல்லுச்சு. 'அக்கா, அண்ணன் ரெண்டு லிட்டருக்கு மேல ஒரு நாளும் போட்டதில்லீங்'ன்னு. ரோட்டுல போறவங்கெல்லாம் நின்னு பாக்கற மாதிரி அந்தப் புள்ளையத் திட்டி முடிச்சப்புறம் சொல்லுச்சு. அழுதுட்டே சொல்லுச்சு."

"ஏன் அம்மிணி எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டா இன்னொரு கத சொல்லுவீங்க. அதுவும் நல்லாத்தான் இருக்கும்."

நான் ரோட்டைப் பார்த்தேன். வெள்ளிங்கிரி வேனை ஸ்டார்ட் செய்வது தெரிந்தது.

"எறங்குங்ணா," என்றாள். அவள் இந்தப் பக்கமாகச் சுற்றி வந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். "இதைத் திருப்பறதுக்குத் தெரியும். பிரேக்கு நடுவுல இருக்கறதுதான? போய்த் தள்ளுங்க."

தள்ளினேன். அறுபத்தாறு வயது, மிதமான ஏற்றம், டிக்கி நிறையச் சோறும் சாம்பாரும். வண்டி ஒரு முழம் நகர்ந்தது, நின்றது. இன்னொரு முழம். வெள்ளிங்கிரியின் முன்சக்கரம் நிழலுக்குள் நுழைந்தது.

அப்போது, "அக்கா வண்டி! அக்கா வண்டி வந்துருச்சு!" என்று ஒரு குரல். கண்ணாடிக்காரர். கழுத்தில் கார்டு ஆட ஓடி வந்தார். அவர் பின்னால் இன்னும் சிலர். ஆயிரம் பேர் என்று எழுத ஆசைதான். எண்ணிப் பார்த்தேன், பதினொரு பேர். என் தோளுக்கு இரண்டு பக்கமும் கைகள் வந்தன. "தாத்தா, நீங்க விடுங்க," என்றது ஒரு பெண். "தாத்தாவா? மாமான்னு சொல்லு," என்றேன். கையை விடவில்லை. ஐராவதம் தேர் மாதிரி அசைந்து அசைந்து நகர்ந்தது. ஸ்டியரிங்கில் ரங்கநாயகி வலப்பக்கம் போக வேண்டியதற்கு இடப்பக்கம் ஒடித்தாள். ஒரு ஸ்கூட்டர்காரர் உயிர் தப்பினார். "இப்படிக்கா! அக்கா, இப்படி!" என்று பதினொரு பேரும் பதினொரு திசையைக் காட்டினார்கள்.

வேனின் மூக்குக்கும் மரத்துக்கும் நடுவே வந்து நின்றோம். மணி பன்னிரண்டாக இன்னும் நான்கு நிமிடம்.

வெள்ளிங்கிரி தலையை நீட்டினான். வண்டியைப் பார்த்தான், வியர்த்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஏனுங்ணா, புதுப் பம்பு போட்டதா ஊரெல்லாம் சொன்னீங்களாமே?"

"பம்பு புதுசுதான் வெள்ளிங்கிரி. ஓட்டுனவன்தான் பழசு."

அவன் சிரிக்கவில்லை. தலையை இழுத்துக்கொண்டு வேனைப் பின்னால் எடுத்தான். சட்டத்தை மதிக்கிறவன், அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ரங்கநாயகி அதற்குள் டிக்கியைத் திறந்திருந்தாள். ஒன்றரை மணிக்குச் சட்டி காலி. டேங்க்கும் காலி என்பதால் வண்டி இன்று ராத்திரி மரத்தடியிலேயே நிற்கிறது. சாவியை அவள் திரும்ப என்னிடம் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காலையில் கேனை எடுத்துக்கொண்டு பங்க்குக்கு நடந்தே போனேன். தாமரை வேறொரு வண்டிக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். முடியும்வரை நின்றேன். வழியில் மூன்று விதமாக வசனம் தயாரித்திருந்தேன், மூன்றிலும் நான் நன்றாகவே வந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"பொய் சொன்னது நான் அம்மிணி. என் தங்கச்சி மேல தப்பில்ல. பெட்ரோல் நல்ல பெட்ரோலு."

அவள் பெட்ரோல் குழாயைக் கொக்கியில் மாட்டினாள். "மேனேஜர்கிட்ட வந்து சொல்றீங்களா?" என்றாள்.

சொன்னேன். மேனேஜரிடமும், அவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த இன்னொருவரிடமும். இரண்டு பேருக்கும் டீ வந்தது, எனக்கு வரவில்லை. நியாயம்தான்.

பிறகு கேனோடு மரத்தடிக்குப் போய், மிதவைக் கம்பியை நிமிர்த்தினேன். இந்த முறை சாய்த்து இறக்கினேன். சூடம் கிடையாது.

ஆகஸ்ட் 15, வியாழன்

கம்பெனிக்கு லீவு. காலை ஏழு மணிக்கு ரங்கநாயகி மாடிக்கு வந்து ஒரு காகிதத்தை நீட்டினாள். எல்.எல்.ஆர்., ஓட்டப் பழகுகிறவர்களுக்கான லைசன்சு. அவள் போட்டோ, அவள் பெயர். போன வெள்ளிக்கிழமையே சிந்துஜா பூனாவிலிருந்து ஆன்லைனில் போட்டு வாங்கியிருக்கிறாள்.

"உங்களுக்கு லைசன்சு இருக்குது. பக்கத்துல உக்காந்தாப் போதும்," என்றாள்.

"அம்மிணி, நான் இருக்கும்போது நீ எதுக்கு..."

"நீங்க இருக்கும்போதே பழகிக்கறேன்ங்ணா."

ஏரிக்குப் பக்கத்துக் காலி மைதானம். டேங்க் முழுதாக நிறைந்திருந்தது, முள் உச்சியில். வண்டி பாரமாக இருக்கும் என்றேன், அவள் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஆறு வருடத்தில் முதல்முறையாக இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்தேன். இங்கிருந்து பார்த்தால் ரோடே வேறு மாதிரி இருக்கிறது. கிளச்சை ஒரேயடியாக விட்டாள். ஐராவதம் தவளையாக மாறி மூன்று குதி குதித்து நின்றது. இரண்டாம் தடவை நான்கு குதி. ஏழாம் தடவை, எப்படி என்று தெரியவில்லை, வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. மைதானத்தின் ஓரத்துக் கருவேல மரம் எங்களை நோக்கி அறுநூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்தது.

என் வலது கால் தானாக நீண்டு, அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. பலமாக மிதித்தது.

அவள் மரத்தைப் பார்த்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"காலை எடுங்கண்ணா," என்றாள்.

எடுத்தேன்.